வான்கோழி வீட்டுக் கட்டைவிரல்

ஒர்லிண்டா எட்சிட்டிக்குத் தன் வேலையில் சந்தேகம் என்று ஒன்று வந்ததே கிடையாது. பாறைக் குடைவுக்குள் எண்ணூறு வருஷமாக நிற்கும் ஒரு சுவரின் முன்னால் போய் நின்றுகொண்டு, இந்தக் கல்லா அந்தக் கல்லா என்று தலையைச் சொறிகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "எந்தக் கல்லு ஆடுதுன்னு கையை வச்சாலே தெரியும். கையை வைய்யா முதல்ல" என்பாள். ஐந்தடி உயரம், அதில் பாதிக்குமேல் தோள். ஐம்பத்திரண்டு வயது. அமெரிக்கப் பழங்குடிகளில் நவஹோ இனம், பிறந்தது ஷிப்ராக் ஊரில். பத்தொன்பது வேலைப் பருவங்களாக, அந்தக் காலத்துக் கல்வீடுகள் நிற்கும் மலைமேட்டுப் பூங்காவில் கொத்துவேலை பார்க்கிறாள்.

அவளுடைய சொந்தக்காரர்களுக்கு இந்த வேலை பிடிக்காது. நவஹோ ஜனங்கள் செத்தவர்கள் இருந்த வீட்டுப் பக்கமே போகமாட்டார்கள். "செத்தவங்க வீட்டுல உனக்கு என்னடி வேலை?" என்று கேட்காத சித்தி இல்லை. "விழாம பாத்துக்கறதுதான் வேலை. விழுந்தா உங்க வீட்டு மேலயா விழப்போகுது?" என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஆனால் சாயங்காலம் கோர்ட்டெஸ் ஊருக்கு வெளியே இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பியதும், வாசலிலேயே கைகால் கழுவி, தீட்டுக் கழிய ஜூனிப்பர் மரத்து இலையைப் புகைத்துத் தோளுக்கும் தலைக்கும் காட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். சித்திகளோடு எவ்வளவு சண்டை போட்டாலும் அதை ஒருநாளும் விட்டதில்லை.

கொத்துவேலைக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. சுவரைப் பழுதுபார்த்தால் பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கு அது தெரியவே கூடாது. ஆனால் ஆபீசில் இருக்கும் ஃபைலைப் பிரித்துப் பார்க்கிறவனுக்குக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பூசிய ஒவ்வொரு சந்தும் தெரிய வேண்டும். அதனால் மண்சாந்தின் நிறம் பழையதோடு ஒட்டிப்போகிறவரை மண்ணை மாற்றி மாற்றிக் குழைத்து, சின்னச் சின்ன அடையாகத் தட்டிக் காயவைத்துப் பார்ப்பார்கள். வேலைக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், வரைபடத்தில் ஒரு குறி, புதுக்கல் என்றால் அதன் முதுகில் வருஷம் பொறித்த தகடு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: சாந்தில் வெறும் விரல் படக்கூடாது. அந்தக் காலத்துக் கொத்தனார்களின் விரல் தடங்கள் அங்கங்கே சாந்தில் அப்படியே நிற்கின்றன. அவற்றோடு இன்றைக்குச் சம்பளம் வாங்குகிறவர்களின் விரல் தடமும் கலந்துவிட்டால் அப்புறம் எது எது என்று யாருக்குத் தெரியும்? ஈரப் பஞ்சாலும் மரக்குச்சியாலும்தான் முடிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை ஒர்லிண்டா மீறியது ஒரே ஒரு தடவை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் மாதம், பருவத்தின் கடைசி நாள். மேலிருந்து ஏணி வழியாக இறங்க வேண்டிய வான்கோழி வீடு என்கிற குடைவில் வேலை முடிந்துவிட்டது. கேமராவைப் பெட்டியில் போட்டாகிவிட்டது, பஞ்செல்லாம் மேலே வண்டிக்குப் போய்விட்டது. வாளியின் அடியில் கொஞ்சம் சாந்து மிச்சம். அருமையான சாந்து, நிறம் அச்சு அசல். அதைக் கொட்ட மனசு வருமா? பக்கத்தில் ஒரு வாசலுக்கு மேலே, வேலைப் பட்டியலில் இல்லாத ஒரு சந்தில் சாந்து உதிர்ந்து ஓட்டை விழுந்திருந்தது. கை பரபரத்தது. சாந்தை அப்பி, ஒரு சில்லுக்கல்லைச் செருகி, கட்டைவிரலால் ஒரே அழுத்து. நாளைக் காலையில் வந்து பஞ்சால் துடைத்துப் படமும் எடுத்துவிடலாம் என்று ஏணி ஏறினாள். அன்று ராத்திரியே பனி கொட்டியதால் ரோட்டை அடைத்துவிட்டார்கள். பருவத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அடுத்த ஏப்ரலில் அவளை மலையின் மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். வாழ்க்கையில் எத்தனையோ வேலை. மிச்சச் சாந்தை யார் நினைவில் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

ஐந்து வருஷம் கழித்து அவள் வான்கோழி வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, அந்த வாசலின் முன்னால் கிளெம் ரட்லெட்ஜ் டார்ச் விளக்கோடு நின்றுகொண்டிருந்தான்.

கிளெம், டொலோரஸ் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் நாடக வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது தட்டைத் தொப்பியும் முறுக்கு மீசையுமாகப் பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு போகும் வழிகாட்டி. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் விரல் தடம் பளிச்சென்று எழுந்து நிற்கும். அப்படிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"பாருங்க. ஒரு தாய். முதுகுல குழந்தை. குளிர் வரப்போகுது. அதுக்குள்ள வீட்டை அடைக்கணும். குறுக்கே ஒரு கோடு தெரியுதா? வெட்டுக்காயம். நார் கிழிக்கும்போது கல்லுக்கத்தி கிழிச்சிருக்கு. ரத்தம் வழிஞ்சிருக்கும். ஆனா அவ வேலையை நிறுத்தல..."

சுவருக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கல் அடுக்கிக்கொண்டிருந்த ஒர்லிண்டா தன் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். குறுக்கே நீளமாக ஒரு தழும்பு. பீச் பழ டின்னைத் திறக்கும்போது கிழித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் வாயில் கையுறையைத் திணித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மத்தியானச் சாப்பாட்டில் அவனிடம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். ஆனால் கிளெம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கினான். "முப்பது வருஷம் நாடகம் போட்டேன், ஒர்லிண்டா. ஒரு பய அழுததில்ல. இங்க தினமும் அழறாங்க." இதைக் கேட்டபின் எப்படிச் சொல்வது? மென்று விழுங்கினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளை வாரமாயிற்று, வாரம் வருஷமாயிற்று. அந்தக் கட்டைவிரலின் படம் பூங்காக் கடையில் அஞ்சலட்டையாக வந்தது. தூரதேசத்திலிருந்து வந்தவர்கள் சுவரிலிருந்த தடத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றினார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: அவளுக்கு அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது? வீட்டில் அவள் கணவன் லீலண்டுக்கு மட்டும் விஷயம் தெரியும். வைக்கோல் லாரி ஓட்டுகிறவன், கேலிக்குக் கேட்கவே வேண்டாம். "எண்ணூறு வயசுக் கிழவியோட குடித்தனம் பண்றேன், எனக்கு எவன் அஞ்சலட்டை போட்டான்?" என்பான். இருவரும் சிரிப்பார்கள்.

இப்படி ஆறு வருஷம் போயிற்று.

இந்த ஜூலையில் நிலைமை வேறு. பத்தொன்பது வருஷமாக ஏப்ரலில் எடுத்து அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பப்படும் ஒர்லிண்டாவுக்கு, வருஷம் முழுக்க வேலை தருகிற கொத்துக்குழுத் தலைவி பதவி வரப்போகிறது. லீலண்டுக்குச் சர்க்கரை முற்றிவிட்டது. குளிர்காலத்தில் அவள் வீட்டில் உட்காரும் ஐந்தாறு மாதம் மருந்துக்கும் ஊசிக்கும் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. நிரந்தர வேலை என்றால் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து வரும். தொல்லியல் பிரிவின் தலைவி மரியன் ஸ்டோவல் அம்மாள் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தாள். அந்த அம்மாள் சிரிப்பதே அபூர்வம். அவளே ஒர்லிண்டாவைக் கூப்பிட்டு, "பத்தொன்பது பருவத்துல ஒரு சந்துகூடப் பதிவாகாம விட்டதில்ல நீங்க. அதுக்காகத்தான் இந்த வேலை உங்களுக்கு" என்றாள். ஒர்லிண்டாவின் கட்டைவிரல் சட்டைப்பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

புதன்கிழமை மத்தியானம் அவள் வான்கோழி வீட்டில், அதே வாசலுக்குப் பின்புற அறையில், தரையோடு தரையாகப் படுத்து அடிவரிசைக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தாள். கிளெமின் கூட்டம் கதையைக் கேட்டு, மூக்கை உறிஞ்சி, ஏணி ஏறிப் போயிற்று. ஒரு பெண்மணி மட்டும் போகவில்லை.

"நீங்க இருங்க இமெல்டாம்மா. உங்களுக்கு அஞ்சு நிமிஷம் எப்பவும் உண்டு" என்று கிளெம் சொல்லிவிட்டு எட்டிப் போய் நின்றுகொண்டான். இந்த வீடுகளைக் கட்டியவர்களின் வழிவந்த ஊர்களில் ஜூனியும் ஒன்று. அங்கேயிருந்து வருகிறவர்களை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். இமெல்டா லசிலூ ஜூனியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அறுபத்தைந்து வயது இருக்கும். மூன்று வருஷமாகக் கோடை லீவில் தனியாக வந்து பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்குகிறாள் என்று கிளெம் எப்போதோ சொன்னது ஒர்லிண்டாவுக்கு ஞாபகம் வந்தது.

இமெல்டா விரல் தடத்தின் முன்னால் நின்று தன் பாஷையில் ஏதோ பேசினாள். ஒர்லிண்டாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாதவரை நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில், மானம் போகிற விஷயத்தைத் தாய்மொழியில் சொல்ல நாக்கு வரவில்லையோ என்னவோ, அவள் இங்கிலீஷுக்கு மாறினாள்.

"தாயே, மறுபடி வந்துட்டேன். நீயும் காயத்தோட வேலை பாத்தவ, உனக்குத் தெரியும். தங்கச்சி கதவைத் தட்டினா. நான் உள்ளேதான் இருந்தேன். டிவியை அமத்திட்டு மூச்சு விடாம உக்காந்திருந்தேன். தெறக்கல. ஊர்ல யார்கிட்டச் சொல்வேன்? ஒருத்திகிட்டச் சொன்னா ரொட்டி வேகறதுக்குள்ள ஊரெல்லாம் தெரிஞ்சுடும். இப்ப அவ ஆல்புகெர்க்கில வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டுக் கிடக்கா. போகட்டுமா, வேண்டாமா? போன வருஷமும் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லு."

சுவருக்கு இந்தப் பக்கம், ஒர்லிண்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இருமினால் தெரிந்துவிடும், எழுந்தால் தெரிந்துவிடும். கையிலிருந்த சாந்து காய்ந்து வெடித்தது.

"சரி, நாளைக்குக் காலையில ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னால ஒருதடவை வர்றேன்" என்று இமெல்டா சுவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ஆட்டுக்கறிச் சூப்பு ஒர்லிண்டாவின் தொண்டையில் இறங்கவில்லை.

"என்ன கிழவி, எண்ணூறு வருஷத்துல பசியே போயிடுச்சா?" என்றான் லீலண்ட்.

அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சொல்லத்தான் வேணும், சரி. ஆனா இன்னிக்குப் புதன். வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆகட்டும். சனிக்கிழமை சொல்லு. யார் குடி முழுகிடப் போகுது?"

"சனிக்கிழமை அந்தம்மா இருக்கமாட்டா. நாளைக்குக் காலையில ஊருக்குப் போறா."

"அப்ப ஒரு கடிதாசி போடு."

"கடிதாசியா! ஒரு மனுஷி என் கட்டைவிரலைப் பாத்து அழுதிருக்காய்யா. நான் அதைத் தபால்ல சொல்லணுமா? 'அன்புள்ள அம்மா, நீங்கள் பேசியது பீச் டின்னிடம்' அப்படின்னு எழுதவா?"

லீலண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "பத்தொன்பது அக்டோபர் உன்னை வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. அதை நினைச்சுக்க."

"அதை நினைக்கல. உன் ஊசியைத்தான் நினைக்கறேன்."

"என் சர்க்கரையை இதுல இழுக்காதே. இத்தனை குளிர்காலம் சமாளிச்சவன், இன்னொண்ணு சமாளிக்கமாட்டேனா?" அவன் அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டே. அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கறே? பாதிப் பாதியாச் சொல்லாதே, அவ்வளவுதான்."

பாதிப் பாதியாகச் செய்கிற பழக்கம் ஒர்லிண்டாவுக்கு எப்போதுமே இல்லை. வியாழக்கிழமை காலை மேலே வந்ததும் வராததுமாக வாக்கி டாக்கியை எடுத்தாள். "ஸ்டோவல் மேடம், முதல் கூட்டம் கீழே இறங்கறப்ப நீங்களும் வான்கோழி வீட்டுக்கு வரணும். ஆமா, இன்னிக்கே. லென்ஸையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். பயம்தான். இருந்தாலும் ஏணியில் இறங்கினாள்.

கிளெம் தன் இருபது பேரையும் வாசலின் முன்னால் நிறுத்தி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். இமெல்டா கூட்டத்தின் கடைசியில் நின்றாள். ஸ்டோவல் அம்மாள் ஒன்றும் புரியாமல் ஓரமாக நின்றாள்.

"பாருங்க. ஒரு தாய். முதுகுல குழந்தை..."

"கிளெம், போதும். நிறுத்துய்யா." ஒர்லிண்டா சாந்து படிந்த சட்டையோடு சுவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். "அந்தத் தாய் நான்தான்."

கூட்டம் சிரித்தது. இதுவும் நாடகத்தில் ஒரு பாகம் என்று நினைத்துவிட்டார்கள். ஒர்லிண்டா வலது கட்டைவிரலைத் தூக்கிச் சுவரில் படாமல் தடத்தின் பக்கத்தில் பிடித்தாள். கிளெமின் டார்ச் இரண்டின் மேலும் விழுந்தது. அங்கே ஒரு கோடு, இங்கே ஒரு தழும்பு. அதே சாய்வு, அதே நீளம். சிரிப்பு நின்றுபோயிற்று.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால, அக்டோபர் கடைசி நாள். வாளியில சாந்து மிச்சம் இருந்துச்சு. கொட்ட மனசு வரல. வெறும் விரலால அழுத்தினேன். படம் எடுக்கல, குறி போடல. மறுநாள் துடைக்கலாம்னு போனேன், பனி வந்துடுச்சு. ஆறு வருஷமா இவர் கதை சொல்றார். ஆறு வருஷமா எனக்குத் தெரியும். வாயைத் திறக்கல. ஏன்னு கேட்டீங்கன்னா, பெருமையா இருந்துச்சு. என் விரலுக்கு எல்லாரும் தொப்பி கழட்டினா எனக்குப் பெருமையா இருக்காதா? தப்புதான்."

கிளெமின் மீசை ஆடியது. "வெட்டுக்காயம்? நார் கிழிக்கிறப்ப..."

"பீச் டின்னு."

"பீச் டின்னா?"

"ஆமாய்யா. சமையக்கட்டுல."

கிளெம் டார்ச்சை அணைத்துவிட்டான். பாவம், அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், "அப்போ நான் வாங்கின அஞ்சலட்டை?" என்று கேட்டார்.

ஸ்டோவல் அம்மாள் லென்ஸை வைத்து நிமிஷக்கணக்காகப் பார்த்தாள். தடத்தையும் பார்த்தாள், விரலையும் பார்த்தாள். பிறகு கிளெமிடம், "இவங்களை மேலே கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். கூட்டம் ஒவ்வொருவராக ஏணி ஏறியது. இமெல்டா நகரவில்லை. அவளைப் போகச் சொல்ல ஸ்டோவல் அம்மாளுக்கும் வாய் வரவில்லை.

"நாளைக்கு நான் எதுல கையெழுத்துப் போடறதா இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். போட்டப்புறம் சொன்னா உங்க கையெழுத்தும் பொய்யாயிடும்."

"நாளைக்குக் கையெழுத்து கிடையாது, ஒர்லிண்டா."

"சரி."

"அக்டோபர் வரைக்கும் இருங்க. நிரந்தர வேலைக்கு அடுத்த வருஷம் மறுபடி மனுப் போடுங்க. கிடைக்கும்னு நான் சொல்லமாட்டேன். அதுக்குள்ள நீங்க கை வச்ச ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு சந்தையும், நாம ரெண்டு பேரும் உக்காந்து பாத்தாகணும்."

"பாப்போம் மேடம். வேற எங்கேயும் என் விரல் இருக்காது. எழுதிக் குடுக்கறேன்."

ஸ்டோவல் அம்மாள் ஏணிப்பக்கம் போய்விட்டாள். போச்சு. வரப்போகிற குளிர்காலத்து மருந்துக் காசையும் சேர்த்து எல்லாம் போச்சு. ஒர்லிண்டாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். துடைத்ததில் கன்னமெல்லாம் சாந்து.

"நீ நவஹோதானே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினாள். இமெல்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் பின்சீட்டுப் பையன்களை அடக்குகிற பார்வை.

"ஆமாக்கா."

"எந்த ஊரு?"

"ஷிப்ராக்."

"கடவுளே! எங்காளுங்களுக்கும் உங்காளுங்களுக்கும் தலைமுறை தலைமுறையா ஆகாது. இது தெரிஞ்சா என்னை ஊருக்குள்ளயே சேத்துக்கமாட்டாங்க. மூணு வருஷமா ஒரு நவஹோக்காரியோட கட்டைவிரல்கிட்டப் போய்க் குறை சொல்லி அழுதிருக்கேன்!"

சிரிப்பை அடக்கியதில் ஒர்லிண்டாவின் உதடு துடித்தது.

"சிரிக்காதே. நான் இன்னும் சிரிக்கல."

"இல்லக்கா."

"நேத்து நீ எங்கே இருந்தே?"

இந்தக் கேள்வி வரும் என்று ஒர்லிண்டாவுக்குத் தெரியும். "சுவருக்குப் பின்னாடி."

"கேட்டியா?"

"உங்க பாஷையில சொன்னது புரியல. இங்கிலீஷ்ல சொன்னதை எல்லாம் கேட்டேன்."

இமெல்டாவின் முகம் கன்றிப் போயிற்று. "ஒட்டுக் கேக்க வெக்கமா இல்ல உனக்கு?"

"வெக்கமா இருந்துச்சுக்கா. ராத்திரி சோறு இறங்கல. அதான் வந்து நிக்கிறேன். உங்களுக்குச் சொல்லத்தான் சொன்னேன். மத்தவங்க கேட்டது உபரி."

பள்ளத்தாக்கில் ஒரு காக்கை குரல் கொடுத்தபடி கடந்து போயிற்று. இமெல்டா விரல் தடத்தைப் பார்த்தாள், ஒர்லிண்டாவைப் பார்த்தாள், மறுபடி தடத்தைப் பார்த்தாள். கை ஓங்கினால் வாங்கிக்கொள்வது என்றுதான் ஒர்லிண்டா நின்றாள். இமெல்டா கை ஓங்கவில்லை. அகலமான ஒரு பாறையின் மேல் போய் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினாள்.

"உக்காரு. பாதியைக் கேட்டுட்டே. மீதியையும் கேட்டுட்டுப் போ."

முழுவதையும் சொன்னாள். அம்மா இறந்தபின் வீடு யாருக்கு என்று வந்த சண்டை. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான், இருப்பதோ இரண்டு பெண் என்றாள். தங்கை கோபத்தில் ஆல்புகெர்க்கிக்குப் போனது. எட்டு வருஷம் பேச்சு இல்லை. பிறகு ஒரு டிசம்பர் மாதம், விழாவுக்கு ஊரே கூடியிருந்தபோது, தங்கை வாசலில் வந்து நின்றது. கையில் ஒரு தட்டு, அதன்மேல் துணி மூடியிருந்தது. ஜன்னல் ஓரமாக இமெல்டா பார்த்தாள். எழுந்து திறக்க வேண்டியதுதான். எழவில்லை. வீம்பு. தங்கை தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள், படியில் உட்கார்ந்தாள், மறுபடி தட்டினாள். கடைசியில் தட்டைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அது என்ன பண்டம் என்றுகூட இமெல்டா பார்க்கவில்லை, நாய் தின்றுவிட்டது. இதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

ஒர்லிண்டா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

"இப்ப சொல்லு" என்றாள் இமெல்டா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மூணு வருஷமாக் கேட்டேன். சுவத்துல ஒட்டிக்கிட்டு ஒரு பதில் சொன்னியா நீ? இப்பத்தான் வாய் முளைச்சிருக்கே, சொல்லு. போகட்டுமா, வேண்டாமா?"

"போங்கக்கா."

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிட்டே. நான் வாயைத் தொறந்து என்னன்னு சொல்வேன்?"

"நான் என்னன்னு சொன்னேன்? உள்ளதைச் சொன்னேன். வரவேண்டிய வேலை போச்சு. மலை இடிஞ்சா விழுந்துடுச்சு? உக்காந்துதானே இருக்கோம்."

"அவ கதவைத் தெறக்கலன்னா?"

ஒர்லிண்டா யோசித்தாள். "நீங்க அவளை எவ்வளவு நேரம் நிக்க வச்சீங்க?"

இமெல்டா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு மணி நேரம் இருக்கும்."

"அப்ப நீங்களும் ஒரு மணி நேரம் நில்லுங்க. அப்புறம் மறுபடி தட்டுங்க."

இமெல்டா அவளை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வழிய, தொடையில் தட்டிச் சிரித்தாள். ஒர்லிண்டாவும் சேர்ந்துகொண்டாள். ஏணி உச்சியிலிருந்து கிளெம் எட்டிப் பார்த்தான்.

சிரித்து முடித்ததும் இமெல்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு வியாழன். ஆஸ்பத்திரிலேருந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வருவா. அத்தை பொண்ணு சொன்னா." உதடு அசைய மனசுக்குள் கணக்குப் போட்டாள். "பார்மிங்டன் வழியாப் போனா அஞ்சு மணி நேரம். எங்கேயும் நிக்காமப் போனா நாலுக்கு முன்னாடியே போயிடலாம்."

"கூடாரம்?"

"கிடக்கட்டும். கிளெமைச் சுருட்டி வைக்கச் சொல்லு. அவனுக்கு இனி என்ன வேலை?"

பைத்தோள்வாரை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக ஏணிக்குப் போய், பஸ் படியில் ஏறுகிற மாதிரி விறுவிறுவென்று ஏறினாள். பாதி ஏணியில் கால்கள் நின்றன. கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தாள்.

"ஏ நவஹோ! ஒரு மணி நேரம் கழிச்சும் தெறக்கலன்னா?"

"ரெண்டா நில்லுங்கக்கா!" என்று கீழேயிருந்து கத்தினாள் ஒர்லிண்டா.